பணிவுக்கு ஒரு நற்சான்றிதழ்

என் மனைவி இறந்து எட்டு மாதங்கள் ஆன பின், அவளுடைய சாவுக்குக் காரணமானவர் என்று நான் எண்ணுகிற மனிதர் பதுளையிலுள்ள என் வீட்டுக்கு வந்து, தமக்கு ஆங்கிலத்தில் ஒரு நற்சான்றிதழ் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, இழிசொல்லும் இல்லை. அவருக்குக் கிடைக்கவிருந்த பதவி உயர்வு கிடைக்காமல் போக வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் அதை எழுதினேன் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் காரியாலயத்தில் எழுதுவினைஞர். தோட்டத்து மக்களுக்குக் கிளாக்கர் ஐயா. ஐம்பது வயதைக் கடந்தவர். அதே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பதுளைக்கு வந்து என்னிடம் ஆங்கிலம் படித்து, அந்த ஆங்கிலத்தின் பலத்தில் காரியாலய நாற்காலிக்கு ஏறியவர். அந்த நாற்காலியும் அவருக்கு என் நற்சான்றிதழால் கிடைத்ததுதான். அன்று எழுதிய வாக்கியங்கள் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. மனதார எழுதியவை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன். இலக்கணத்தை நூல்கள் கற்பித்துவிடும்; நான் பாடுபட்டது வேறொன்றில். ஒரே குடும்பத்தில் பிறந்த நான்கைந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி, எது எங்கே பொருந்தும், எது எவர் முன்னிலையில் செல்லும் என்று பிரித்துக் காட்டுவேன். உடம்புக்கு முடியவில்லை என்பதற்கு மட்டும் ‘சிக்’, ‘இல்’, ‘அன்வெல்’, ‘இன்டிஸ்போஸ்ட்’ என்று ஒரு வரிசை. முதல் மூன்றும் படுக்கையையும் மருந்தையும் நினைவூட்டும். கடைசிச் சொல் சீமான்களின் தலைவலிக்கு உரியது. இன்றைய விருந்துக்கு வருவதற்கில்லை, நாளைக்குச் சரியாகிவிடும் என்ற அளவிலான ஓர் அசௌகரியம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் எதற்கு என்று சக ஆசிரியர்கள் சிரித்ததுண்டு. எனக்குக் காரணம் இருந்தது.

என் தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தவர். என் தாய்க்குக் காய்ச்சல் கண்ட ஒரு முறை, விடுமுறை கேட்டு அவர் தோட்ட நிர்வாகியான துரையிடம் கொடுத்த தாளை எழுதியவன் நான். அதில் ‘ஐ வான்ட்’ என்று ஆரம்பித்திருந்தேன். துரை அந்தத் தாளை இரண்டாகக் கிழித்து, என் தந்தையின் சட்டைப் பையிலேயே மடித்து வைத்து அனுப்பினார். அதன் பிறகுதான் ‘வான்ட்’, ‘விஷ்’, ‘ரிக்வெஸ்ட்’, ‘பெக்’ என்ற சொற்களுக்கு இடையில் உள்ள தூரத்தை நான் கற்றேன். கற்றதைக் கற்பித்தேன். துரைமாரின் மேசைக்குப் போகும் தாளில் அவசரம் தெரியக் கூடாது, அவசரம் அவர்களுக்குக் கட்டளையாகப் படும், தாளே கிழியும் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதை அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டவர்களில் இந்தக் கிளாக்கரும் ஒருவர்.

என் மனைவிக்கு இந்தப் பாகுபாடுகளில் மதிப்பு இருந்ததில்லை. அவள் வேறொரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருபது ஆண்டுகள் இருந்தவள்.

“பச்சப் புள்ள பசிச்சா ‘வீல்’னு கத்துது. அதுக்கு உங்க இங்கிலீசுல எத்தன வார்த்தை வச்சிருக்கீங்க?” என்பாள்.

“நாலு இருக்கும்.”

“நாலையும் எழுதி முடிக்கிறதுக்குள்ள பால் ஆறிப் போயிரும். எந்திரிச்சு வந்து சாப்புடுங்க.”

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், தன் தங்கையைப் பார்க்க அந்த நமுனுகுலத் தோட்டத்துக்குப் போனாள். மாதா கோவில் திருநாள் முடிந்து மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. திரும்ப வேண்டிய அன்று காலை ஒன்பது மணியளவில் லயத்துக் காம்பராவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழையில் தோட்டத்துப் பாதையின் ஓரம் இடிந்து போயிருந்ததால் ஆட்டோக்கள் கீழே பாலத்துடன் நின்றுவிட்டன. பாலத்துக்கு மேல் ஏறி இறங்கக்கூடியது தோட்டத்து ஜீப் ஒன்றுதான். அது காரியாலய வாசலில் நின்றது. சாரதியும் இருந்தான்.

மைத்துனி முதலில் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

“மச்சான், அக்காவுக்கு வேர்த்துக் கொட்டுதுங்க. மூச்சு வாங்குது. என்ன செய்ய?”

“ஆபீசுக்குப் போய் வண்டி கேளும்மா. கிளாக்கர் நம்ம பிள்ளைதான். மரியாதையாக் கேளு.”

மரியாதையாகக் கேள் என்றேன். அந்தக் கிளாக்கரின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. நானே பேசியிருக்கலாம். தன் மாணவனிடம் ஆசிரியன் உதவி கேட்பதில்லை என்ற ஒரு கொள்கை எனக்கு இருந்தது. பதுளை பஸ் நிலையத்தில் எந்த மாணவன் இடம் பிடித்துக் கொடுத்தாலும் நான் நின்றே பயணம் செய்தவன். அந்தக் கொள்கையைக் காப்பாற்றினேன்.

தோட்டத்தில் நோயாளிக்கு வண்டி வேண்டுமென்றால் துண்டு வேண்டும். துண்டு என்பது துரை ஒப்பமிட்ட ஒரு சிறு தாள். வெளியார் என்றால் அது இன்னும் அவசியம். என் மனைவி அந்தத் தோட்டத்துப் பெயர்ப் பட்டியலில் இல்லாதவள். துரை மேல் மலையில் வேலை பார்வையிடப் போயிருந்தார். மலையில் நிற்கும்போது துரைக்கு எவரும் தொலைபேசி எடுக்கக் கூடாது என்பது அந்தக் காரியாலயத்தின் எழுதாத சட்டம். ஆகவே கிளாக்கர் ஒரு தாளை எடுத்து ஆங்கிலத்தில் எழுதி, காரியாலயப் பியூனிடம் கொடுத்து, நடந்து போய்த் துரையின் கையில் சேர்க்கச் சொன்னார்.

பியூன் ஏறினான். துரை தாளை வாங்கிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டார். மலையைப் பார்வையிட்டு முடித்தார். ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து ஒப்பமிட்ட தாள் கீழே வந்து சேர்ந்தபோது, லயத்து ஆண்கள் என் மனைவியைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அங்கிருந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். பசறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்னமே, ஏதோ ஒரு வளைவில், அவள் தன் தங்கையின் தோளில் சாய்ந்த சாய்விலேயே போய்விட்டாள். எந்த வளைவு என்று மைத்துனியால் சொல்ல முடியவில்லை. அந்தப் பாதையில் எல்லாம் வளைவுகள்தாம்.

முப்பத்தோராம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் மைத்துனி தோட்டத்துக் காரியாலயத்துக்குப் போய்க் கிளாக்கரை நேரே கேட்டிருக்கிறாள். அவள் நாக்குக்கு அந்தத் தோட்டத்தில் கங்காணிமாரே பயப்படுவார்கள். அவர் தம்மைக் காத்துக்கொள்ள அலுமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்.

“நான் சும்மா இருக்கலம்மா. அந்த நிமிசமே எழுதி அனுப்பிட்டேன். இந்தா பாருங்க, நேரங்கூடப் போட்டிருக்கேன்.”

அவள் அதைத் தன் கைத்தொலைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவள். அனுப்பிய கையோடு பேசினாள்.

“மச்சான், இதுல என்னங்க எழுதியிருக்கு?”

‘லயத்தில் வந்து தங்கியிருக்கும் ஒரு பெண்மணி இன்டிஸ்போஸ்ட் ஆக உள்ளார். தங்களுக்கு வசதிப்படுமாயின் வண்டியை அனுமதிக்கும்படி தாழ்மையுடன் இரந்து கேட்கிறேன்.’ இதுதான் அதில் இருந்தது. நிறுத்தக்குறிகள்கூடச் சரியாக இருந்தன. கீழே துரையின் பென்சிலில் ‘ஓகே’ என்ற இரண்டு எழுத்துகள்.

“வண்டி கேட்டு எழுதியிருக்கார்,” என்றேன்.

“கேட்டிருந்தா ஏங்க வரல?”

‘இன்டிஸ்போஸ்ட்’ என்ற அந்தச் சொல் என்னுடையது. என் கரும்பலகையிலிருந்து இறங்கி, முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த மனிதரின் தலைக்குள் பத்திரமாக இருந்து, என் மனைவியின் நெஞ்சு வலிக்குப் போய்ப் பொருந்தியிருந்தது. இதை நான் எவருக்கும் சொன்னதில்லை. இங்கேதான் எழுதுகிறேன். என்றாலும், சொல் என்னுடையது என்பதால் குற்றமும் முழுக்க என்னுடையது என்று ஏற்க நான் தயாராக இல்லை. வேர்த்துக் கொட்டும் ஒரு பெண்ணின் தங்கை எதிரே நின்று கதறும்போது, எந்தப் பாடத்தையும் மறப்பதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு. அவர் மறக்கவில்லை.

தோட்டத்தை நடத்தும் கம்பனிக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. நடந்ததை எண்ணி அவர்கள் ‘ரிக்ரெட்’ கொள்கிறார்களாம். மழை பெய்ததற்கும் ரயில் தாமதமானதற்கும் அந்தச் சொல்லே போதும். அதில் செய்தவன் என்று ஒருவன் இருக்க மாட்டான். ‘அப்பாலஜைஸ்’ என்று எழுதியிருந்தால் செய்தவன் இருந்தாக வேண்டும். கடிதத்தை எழுதியவருக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்திருந்தது. துரையோ அதற்குள் மாற்றலாகி வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். என் கைக்கு எட்டும் தூரத்தில் மிஞ்சியவர் கிளாக்கர் ஒருவரே. அவரும் தாமாகவே வந்தார்.

“சேர், வரலாங்களா?”

“வாங்க. உக்காருங்க.”

“என்னை நீன்னே கூப்பிடுங்க சேர். வாங்க போங்கன்னா ஒரு மாதிரியா இருக்கு.”

“உக்காருங்க,” என்றேன் மறுபடியும். சாவு வீட்டில் அவர் வாசலோடு நின்று திரும்பிப் போன நாளிலிருந்து நான் அவரை ‘நீங்கள்’ என்றுதான் அழைக்கிறேன்.

நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தார். பசறைப் பக்கத்தில் அதே கம்பனியின் பெரிய தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கர் பதவி வெற்றிடமாக இருக்கிறது என்றார். விண்ணப்பித்திருக்கிறார். நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். தம்மை நெடுங்காலமாக அறிந்த, உறவினர் அல்லாத ஒருவரின் நற்சான்றிதழ் வேண்டும்.

“வேற யாருமே கிடைக்கலையா?”

“கிடைப்பாங்க சேர். ஆனா நேர்முகக் குழுவில இருக்கிற வயசான தொரை உங்க எழுத்துன்னாத்தான் நம்புவாருங்க. மத்தவங்க எல்லாரும் எல்லாருக்கும் ‘எக்ஸலன்ட்’னு எழுதிக் குடுத்துர்றாங்களாம்.”

அது உண்மை. பசறையிலிருந்து ஹாலிஎல வரை தோட்டக் காரியாலயங்களில் என் சான்றிதழைக் கொண்டு நுழைந்தவர்கள் பலர். தகுதிக்கு மிஞ்சிய புகழை எவரும் என் தாளில் கண்டதில்லை. ‘எக்ஸலன்ட்’ என்ற சொல்லை என் வாழ்நாளில் நான்கு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். என் சொற்களின் எடையை அறிந்து வாசிக்கிற ஒரு துரை அந்தக் குழுவில் இருக்கிறார் என்ற செய்தி எனக்குப் பயனுள்ளதாக இருந்தது.

“இந்த வயசுல எதுக்கு இடம் மாறப் பாக்குறீங்க?”

“சம்பளம் ஒண்ணும் பெருசா கூடாதுங்க சேர். வீட்டுக்காரிக்கு இழுப்பு. மழை வந்தா மூச்சு விட முடியல. அங்கன்னா ஆஸ்பத்திரி பக்கத்துலயே…”

அவர் நிறுத்திக்கொண்டார். எந்த வீட்டில் உட்கார்ந்து எதைச் சொல்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சுவரில் என் மனைவியின் படம் இருந்தது. அதைப் பார்க்காமல் தம் கைகளைப் பார்த்தார்.

“வர்ற செவ்வாய்க்கிழமை வாங்க. எழுதி வைக்கிறேன்,” என்றேன்.

நான்கு காலைகள் அதற்குச் செலவிட்டேன். என் வாழ்வில் எந்தக் கட்டுரைக்கும் அவ்வளவு உழைத்ததில்லை. பொய் எழுதினால் என் தாளின் மதிப்புப் போய்விடும். குற்றம் சாட்டினால் துக்கத்தில் பேசுகிறார் என்று தள்ளிவிடுவார்கள். உண்மையான புகழ்ச்சியாலேயே அவரை நிறுத்த வேண்டும். பெரிய கிளாக்கர் என்பவர் துரை இல்லாத நாள்களில் தோட்டத்தை நடத்த வேண்டியவர். அந்த நாற்காலிக்கு எந்தக் குணம் ஆகாதோ அந்தக் குணத்தை மட்டும் தேடிப் பாராட்டினேன்.

‘கேர்ஃபுல்’ என்று முதலில் எழுதினேன். அது அக்கறையும் கலந்த கவனம். அடித்துவிட்டு, ‘காஷியஸ்’ என்று போட்டேன். தனக்கு ஏதும் நேர்ந்துவிடக் கூடாது என்று பார்த்து அடியெடுத்து வைக்கிறவனுக்கு உரிய சொல் அது. ‘டியூட்டிஃபுல்’ என்ற சொல் தானாகவே பேனா முனைக்கு வந்தது. அவருடைய பழைய சான்றிதழில் நான் எழுதியிருந்த சொல் அதுதான். இம்முறை ‘ஒபீடியன்ட்’ என்று எழுதினேன். மூன்றாவது வாக்கியத்தில் எனக்கு மிகுந்த திருப்தி: தமக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தை எந்தச் சூழ்நிலையிலும் ஒரு விரற்கடையளவேனும் மீறாதவர் என்பதை நான் சொந்த அனுபவத்தில் அறிவேன். அதை எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்தேன். நன்றாக இருந்தது.

பழிக்கும் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. தன் காயத்துக்காகத் திருப்பி அடிப்பது ‘ரிவெஞ்ச்’. பிறருக்கு நேர்ந்த அநீதிக்காக எழுந்து நிற்பது ‘அவெஞ்ச்’. நான் செய்வது இரண்டாவது என்று முதல் இரண்டு நாள்கள் நம்பினேன். மூன்றாம் நாள் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. என் மனைவி இருந்திருந்தால் அந்தத் தாளைப் பிடுங்கி அடுப்பில் வைத்திருப்பாள். இழுப்புக்காரிக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் வீடு கிடைக்கட்டும் என்று என் மேல் சீறியிருப்பாள். ஆக, அவளுக்காக என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. எனக்காகவே எழுதினேன். ஞாயிறு ஆராதனையில், பிறர் குற்றங்களை நாம் மன்னிப்பதைப் பற்றிய வரி ஜெபத்தில் வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். சபை சொல்லி முடித்ததும் அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் கவனித்திருக்கலாம். எவரும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். தாளை உறையில் இடாமல் விரித்தே கொடுத்தேன். அவர் வாசிக்க வேண்டும் என்று விரும்பினேன். நின்றபடியே வாசித்தார். வகுப்பில் செய்வதைப் போல, நிச்சயமில்லாத இடங்களில் உதடு அசைந்தது. இரண்டாவது பந்தியில் கண் நின்றது. மேலே போய் மறுபடி கீழே வந்தது.

“சேர், ‘ஒபீடியன்ட்’னு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“முன்னாடி குடுத்ததுல ‘டியூட்டிஃபுல்’னு இருந்துச்சுங்க. இன்னும் வச்சிருக்கேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்லைங்க சேர்.”

“என்ன வித்தியாசம்? சொல்லுங்க பார்ப்போம்.”

ஐம்பது கடந்த மனிதரை, தலை நரைத்தவரை, என் முன் நிற்க வைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொன்னேன். அவரும் ஒப்பித்தார்.

“சொன்னதைச் செய்றவன் ‘ஒபீடியன்ட்’ங்க. யாரும் சொல்லாட்டியும் செய்ய வேண்டியதைச் செய்றவன் ‘டியூட்டிஃபுல்’.”

“அன்னைக்கு நீங்க இதுல எது?”

கீழே தெருவில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே போயிற்று. அவர் தாளை மறுபடி ஒரு முறை பார்த்தார்.

“எழுதியிருக்கிறது சரிதாங்க சேர்.”

‘இன்டிஸ்போஸ்ட்’ என்ற சொல்லை எனக்குக் கொடுத்தது நீங்கள்தானே என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவசரம் தெரியக் கூடாது என்று போதித்தது யார், தாள் கிழியும் என்று பயமுறுத்தியது யார் என்று கேட்பார். கேட்டால் சொல்வதற்கு நான்கு நாள்களாகப் பதில்களைக் கூர்தீட்டி வைத்திருந்தேன். என் பதில்கள் நன்றாக இருந்தன. அவற்றில் ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும் என்ற ஆவலில் நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அந்தப் பாடக் குறிப்பேட்டை அவர் வைத்திருக்கக்கூடியவர். தெரிந்தும் கேட்கவில்லை. அதை நான் அவர் செய்த இரண்டாவது தவறாகவே எடுத்துக்கொண்டேன்.

“திகதி போட மறந்துட்டீங்க சேர்,” என்றார்.

வாங்கித் திகதி இட்டேன். இரு கைகளாலும் பெற்றுக்கொண்டு, மடிப்பு விழாதபடி தம் கோப்புக்குள் வைத்தார்.

“இதைக் கொடுக்காம விட்டுடலாம். கட்டாயம் இல்லை,” என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. இரக்கம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். கொடுக்காமல் விட்டால் பயந்தவர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“கேட்டு வாங்கிட்டுக் குடுக்காம இருக்கிறது மரியாதை இல்லைங்களே. போயிட்டு வாறேங்க சேர்.”

கொடுத்தார். ஒரு மாதம் கழித்து, அந்தப் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது என்ற செய்தி மைத்துனி மூலம் வந்தது. அன்று பகல் நான் நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். என் மனைவி போன பின் முதல் தடவையாக. நான் இதை ஒளிக்கப் போவதில்லை. வஞ்சம் தீர்த்தவனுக்குச் சோறு கசக்கும் என்று கதைகளில் வருவது என் வரையில் உண்மையாகவில்லை.

பிறகு, போன வாரம், மைத்துனி மறுபடி பேசினாள். குரலில் உற்சாகம் இருந்தது.

“மச்சான், நம்ம கிளாக்கரு கதை கேட்டீங்களா? மேல் லயத்துல புள்ளத்தாச்சி ஒருத்திக்கு வலி எடுத்துருச்சு. புதுத் தொரை மலையில. இவரு துண்டும் எழுதல, ஒரு மண்ணும் எழுதல. எந்திரிச்சாரு, சாவிய எடுத்து டிரைவர் கையில குடுத்தாரு, ‘போடா’ன்னுட்டாரு!”

“அப்புறம்?”

“தொரை வந்து குதிகுதின்னு குதிச்சாராம். இவரு ‘எழுதி வச்சுக்கங்க சேர், நான்தான் குடுத்தேன்’னாராம். விளக்கம் கேட்டுக் கடுதாசி குடுத்திருக்காங்க. வேலைக்கு என்ன ஆகுமோ. ஆனா தாயும் புள்ளயும் சொகமா இருக்காங்க. பொம்பளப் புள்ள.”

“நல்லதும்மா.”

“நல்லதுன்னு சொல்ற கொரலாங்க இது? பல்லுல கல்லு மாட்டுன மாதிரி சொல்றீங்க.”

“அந்தச் சாவி எங்க இருக்கும்?”

“எந்தச் சாவிங்க?”

“ஜீப் சாவி. ஆபீஸ்ல எங்க வைப்பாங்க?”

“அவரு நாற்காலிக்குப் பின்னால, செவத்துலதான். ஆணியில தொங்கும். ஏங்க?”

“சும்மா கேட்டேன்.”

தொலைபேசியை வைத்த பின் வெகு நேரம் அந்தச் சுவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து திரும்பிக் கையை நீட்டினால் எட்டிவிடும் தூரம். அன்று மைத்துனி அவருக்கு எதிரே நின்று அழுதபோது, அந்தச் சாவி அவருடைய தலைக்குப் பின்னால் அதே ஆணியில் தொங்கியிருக்கிறது. இப்போது எழுந்தவரால் அன்றும் எழுந்திருக்க முடியும். அவர் திருந்தியதைக் கேட்டு என் கோபம் தணியும் என்று மைத்துனி எதிர்பார்த்தாள். அதுவரை எனக்கு அவர் மேல் இருந்தது கோபமென்றால், அன்று மாலை முதல் இருப்பதற்கு நான் அறிந்த சொற்களுள் எதுவும் போதவில்லை.

விளக்கம் கேட்ட கடிதத்துக்கு அவர் பதில் எழுத வேண்டும். கம்பனி விசாரணை வைத்தால், நெடுங்காலம் அறிந்த ஒருவரின் சாட்சியம் மறுபடி கேட்பார்கள். அவர் என்னிடம்தான் வருவார். வந்தால் என்னால் பழைய தாளைப் பார்த்துப் படியெடுத்துக் கொடுக்க முடியாது. ‘ஒபீடியன்ட்’ என்று எழுதினால் அது இப்போது பொய். ‘காஷியஸ்’ என்பதும் பொய். அதிகாரத்தை மீறாதவர் என்ற வாக்கியம், நான் அவ்வளவு விரும்பி எழுதிய வாக்கியம், அதுவும் பொய். நான் பொய் எழுதுவதில்லை. எழுத வேண்டிய சொல் எதுவென்று எனக்குத் தெரியும். முதல் நற்சான்றிதழில் அவருக்கு நான் கொடுத்திருந்த அதே சொல். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறருக்குக் கற்பித்த ஒழுங்கு என் கையைப் பிடித்து அதை எழுத வைத்துவிடும்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் உள்ளறைக்குப் போய்விடுகிறேன். அவர் வரக் கூடாது என்று விரும்புகிறேன்.